ஆள் மட்டத்தில் கிடந்த இரும்பு

கிணறு ஆள் மட்டம் இறங்கியபோது மலையாண்டியின் மண்வெட்டி ணங்கென்றது. தோண்டி எடுத்தால், கை நீளத்துக்கு ஓர் இரும்பு. துரு தின்று, செதில் செதிலாக உரிந்து, இன்னதென்று சொல்ல முடியாத கோலத்தில் இருந்தது. மலையாண்டி அதைக் கும்பிட்டுவிட்டு ஆட்களோடு மேலே ஏறிவிட்டான்.

"கருப்பர் அருவா. இனிமே தோண்டுனா கண்ணு அவிஞ்சு போகும்."

உண்ணாமலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கறம்பக்குடிப் பக்கத்து அந்த ஊரில் நல்ல தண்ணீருக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாகக் குடத்தோடு நடக்கிறாள். மலாயாவிலிருக்கும் புருஷனுக்குக் கடுதாசி மேல் கடுதாசி போட்டு, இப்போதுதான் கிணறு வெட்டச் சம்மதம் வாங்கியிருந்தாள். என்ன புண்ணியமோ, மண்ணும் பொலபொலவென்று வந்துகொண்டிருந்தது.

மறுநாளே பூசாரி வந்து, அந்த இடத்தில் கோயில்தான் எழும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாமியை அவள் எப்படி மறுப்பாள்? சர்க்கார் மறுக்கட்டும் என்று புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி, பழம்பொருள் பார்க்கும் அதிகாரி ஒருவரை அழைத்து வந்தாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது அரிவாளே இல்லை என்றார். உண்ணாமலைக்குப் போன உயிர் வந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய வாள் என்றார். வந்த உயிர் மறுபடியும் போயிற்று. குழியைச் சுற்றி நாலு முளை அடித்துக் கயிறு கட்டி, மெட்ராஸிலிருந்து உத்தரவு வரும்வரை ஒரு கூடை மண் எடுக்கக் கூடாது என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, வரும்போது வரும் என்றார்.

சாமியும் சர்க்காரும் கைவிட்டால் மனுஷிக்கு மிஞ்சுவது பொய் ஒன்றுதான். நாகராசு ஆசாரியின் பட்டறைக்குப் போய், அந்த இரும்பு உங்கள் பட்டறையில் அடித்ததென்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மூட்டை கடலை தருகிறேன் என்று கெஞ்சினாள். பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கிழவர் தலையாட்டினார்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தபோது ஆசாரியும் வந்தார். இரும்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு முனையை அரத்தால் ராவினார். துருவுக்கு அடியில் மூன்று கோடுகள் தெரிந்தன.

"எங்கப்பா அடிச்ச கடப்பாரைங்க. இது அவரு போடுற குறி."

மலையாண்டியின் பழைய கடப்பாரையிலும் அதே மூன்று கோடுகள் இருந்தன. அதிகாரி முளைகளைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடையைக் கட்டினார். பூசாரிக்கு வேறெங்கோ வேலை ஞாபகம் வந்தது. மலையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான்.

உண்ணாமலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆசாரியின் காதோரம் குனிந்தாள்.

"இம்புட்டு அழகா ஒரு பொய்ய நான் கேட்டதே இல்லைங்க."

"பொய்யா? ஒன் புருசன் பொறக்குமுன்ன ஒன் மாமனாரு இதே எடத்துல முப்பதடி தோண்டி, சொட்டுத் தண்ணி வரலைன்னு மண்ணப் போட்டுத் தூத்துனப்ப, கோவத்துல உள்ள வீசுன கடப்பாரை தாயி இது."