வால் இல்லாத குதிரை

"இது சோடா மூடி, மாமா" என்று பதிவாளர் சொன்னது புதன்கிழமை. வியாழக்கிழமை காலையில் மாமனார் பெட்டி கட்டிவிட்டார்.

அருங்காட்சியகத்தில் புதன்தோறும், மண்ணில் கிடைத்த எதையும் பொதுமக்கள் கொண்டுவந்து காட்டலாம். பதிவாளர் அதை எடை போட்டு, படம் எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு திருப்பித் தருவார். அவர் தலைக்கு மேல் அவரே எழுதி மாட்டிய பலகை தொங்கும்: 'முதலில் பார், பிறகு பேசு.'

மாமனார் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வந்தவருக்கு இப்போது கீழே போவதில் மட்டுமே நாட்டம். கொல்லையைத் தோண்டி, கிடைத்த ஆணியையும் பொத்தானையும் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு வரிசையில் முதல் ஆளாக நிற்பார்.

"அத்தனை பேர் முன்னாடி அப்பாவை அவமானப்படுத்திட்டீங்களாமே?" என்றாள் மனைவி.

"சோடா மூடியை வேற என்னன்னு சொல்றது?"

"'பழைய சோடா மூடி'ன்னு சொல்லியிருக்கலாம். ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போறாராம். அவர் போனா நானும் போறேன். சொல்லிட்டேன்."

வியாழன் மதியமே பதிவாளர் அருங்காட்சியகக் கடையில் ஒரு மண்குதிரை வாங்கினார். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் புராதனக் குதிரையின் அச்சு அசலான நகல் அது. மண்குதிரை எந்தக் காலத்ததானாலும் முதலில் போவது வால்தான் என்பது அவருக்குத் தெரியாதா? இடுக்கியால் வாலை ஒடித்தார். மாமனார் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குழாயடியில் புதைத்தார்.

"மாமா, குழாயடி மண்ணு ஒரு மாதிரி இருக்கே" என்று சாப்பிடும்போது பொதுவாகச் சொல்லிவைத்தார். மாமனார் சோற்றைச் சீக்கிரமாக முடித்தார்.

புதன்கிழமை கொண்டுவருவார், 'பிரமாதம் மாமா' என்று ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் போயிற்று என்பது திட்டம். மாமனாரோ சனிக்கிழமை குதிரையோடு நேரே அருங்காட்சியக இயக்குநர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்.

"உங்க மாப்பிள்ளைகிட்ட காட்டலையா?"

"அவர் சோடா மூடின்னு சொல்லுவார்."

ஞாயிறு காலை கொல்லை முழுக்க அகழாய்வுக் கயிறு கட்டியிருந்தது. பெட்டியை அவிழ்த்துவிட்ட மாமனார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிருபர் ஒருவருக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், மழையில எங்கிருந்தோ அடிச்சுட்டு வந்திருக்கும்" என்று பதிவாளர் மெல்ல ஆரம்பித்தார்.

"அப்ப மேட்டுப் பக்கமும் தோண்டணும்" என்றார் இயக்குநர். கயிறு பக்கத்து வீட்டுச் சுவர்வரை நீண்டது.

"ஏதோ குழந்தை விளையாடிட்டுப் போட்டதா இருக்கும் சார்."

"குழந்தைன்னா குடும்பம். குடும்பம்னா வீடு. யோவ், நீ கெட்டிக்காரன்யா." இயக்குநர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அந்த வீடு உங்க சமையலறைக்கு அடியிலதான் இருக்கணும். தளத்தைப் பேத்துடலாம்."

கரண்டியும் கையுமாக மனைவி வாசற்படிக்கு வந்தாள். கரண்டி எந்த நேரமும் ஆயுதமாகலாம் என்ற நிலையில் பதிவாளர் உண்மையைக் கொட்டிவிட்டார்.

"அது நம்ம கடைக் குதிரை சார். மாமா போயிடக் கூடாதுன்னு நான்தான் புதைச்சேன்."

இயக்குநர் குதிரையை நீட்டினார். "கையில வாங்கி நல்லாப் பாத்துட்டுச் சொல்லுய்யா."

"பார்க்கவே வேண்டாம் சார். வாலை ஒடிச்சதே நான்தான்."

இயக்குநர் குதிரையைத் திருப்பிப் பார்த்தார். வால் இல்லை. நிருபர் பேனாவை மூடினார். மாமனார் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"சோடா மூடிக்கு ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தா, இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டாமே மாப்பிள்ளை" என்றார். "இருந்தாலும் எனக்காகத்தானே செஞ்சீங்க. நான் எங்கயும் போகலை."

மனைவி கரண்டியைத் தாழ்த்தினாள்.

"இதை நீங்களே வெச்சுக்குங்க பெரியவரே" என்று குதிரையை அவர் மடியில் போட்டார் இயக்குநர். பிறகு பதிவாளர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு என் அறைக்கு வா. வரும்போது அந்தப் பலகையையும் கழட்டி எடுத்துட்டு வா."

ஆட்கள் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, மனைவியிடம் எதையோ நீட்டினாள்.

"ஏம்மா, வியாழக்கிழமையே எங்க நாய் உங்க குழாயடியைத் தோண்டி இந்தக் குதிரையைக் கவ்விட்டு வந்துடுச்சு. வால் முன்னாடியே இல்லை, அதுக்கு நாயைத் திட்டாதீங்க. அடியில ஒட்டின விலைச்சீட்டுகூட அப்படியே இருக்கு பாருங்க."