எந்தக் கட்சி மாநாடு?

"யோவ், கூடத்துக்கு நடுவுல இன்னாயா இது?"

கார்குழலி போட்ட சத்தத்தில் எர்ணாவூர் சமூகநலக் கூடமே அதிர்ந்தது. மேடைக்கு எதிரே அவள் புருஷன் பீம்ராவின் மீன்பாடி வண்டி ஒய்யாரமாக நின்றுகொண்டிருந்தது.

"ராத்திரி மழ, கொயலு. நனையுமேன்னு உள்ள வுட்டேன்," என்றான் பீம்ராவ். கார்குழலி அந்தக் குடியிருப்புக்கே 'கொயலு'தான்.

'துப்பறியும் டமாரம்' காமிக்ஸ் ரசிகர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மாநாடு கூட்டுவார்கள். எந்த ஊரில் என்பதற்கு அடிதடி நடக்காத குறைதான். அடுத்த வருஷத்துக்குக் கோயமுத்தூரும் எர்ணாவூரும் மோதின. முதலில் கூடத்தை உறுதிசெய்து, வாணியம்பாடியில் இருக்கும் செயலாளர் ஒவைஸுக்குப் படத்தோடு தகவல் அனுப்பும் ஊருக்கே மாநாடு. இன்று மதியத்தோடு கெடு முடிகிறது.

ஒவ்வொரு தடவையும் கோயமுத்தூரே ஜெயிக்க, கார்குழலி வருஷா வருஷம் ரயிலேறி அங்கே போகிறாள். அவள் குடியிருப்பில் டமாரம் படிக்காத வீடே கிடையாது. ஆனால் அவளைத் தவிர ஒருவர்கூட மாநாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் வாசலுக்கே அதைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

"ஒரு நல்ல படம் எடுக்கணும். வண்டிய மொதல்ல வெளிய தள்ளு!"

பீம்ராவ் தள்ளினான். ஐஸ்பெட்டி கவிழ்ந்தது. மீன் தண்ணீர் கூடம் முழுக்க ஓடியது.

"அய்யே, கலீஜு! கழுவி வுடுய்யா!"

வாளி வாளியாக ஊற்றினான். ஒரு வாளி சுவரோர ப்ளக் பாயிண்டைப் பதம் பார்த்தது. 'டப்'பென்று கரண்ட் போயிற்று.

"பேஜாரா பூட்சே! இரு, ஆளுங்களக் கூட்டியாறேன்," என்று பீம்ராவ் வெளியே ஓடினான். "மாநாட்டுக்குக் கூடம் கழுவணும், வாங்கப்பா!" என்று தெருவில் நின்று குரல் கொடுத்தான்.

'மாநாடு' மட்டும்தான் எல்லார் காதிலும் விழுந்தது. குடியிருப்பே திரண்டு வந்துவிட்டது. துடைப்பத்தோடு ஒரு பிள்ளைகூட வரவில்லை.

"எந்தக் கட்சி கொயலு?" என்றாள் எதிர்வீட்டு வரலட்சுமி. "பிரியாணி டோக்கன் எங்க தராங்கோ?"

"ஒரு கட்சியும் இல்லக்கா. இது டமாரம் மாநாடு!"

"டமாரம்னு புச்சா கட்சி வந்துக்கீதாம்டி!" என்று வரலட்சுமி பின்னால் நின்றவர்களுக்குச் செய்தி வாசித்தாள். கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது.

கார்குழலி மேடைப்படியில் உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது. இந்த இருட்டையும் இரைச்சலையும் யாருக்குப் படம் பிடித்துக் காட்டுவது?

"போதும்யா. போட்டியிலேந்து வெலகிக்கிறோம்னு நீயே சொல்லிடு. என்னால முடியாது."

பீம்ராவ் போனை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் கூட்டத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினான். கூடவே குரலையும் பதிவுசெய்து அனுப்பினான்: "ஒவைஸ் பாய், எம்மாங் கூட்டம்னு நீயே பாரு. எர்ணாவூரு ஜகா வாங்கிடுச்சு நைனா."

ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது. கார்குழலி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்தாள்.

"வாழ்த்துகள் அக்கா!" என்றான் ஒவைஸ். "மாநாடு உங்க ஊருக்குத்தான். இன்னிக்கே இவ்வளவு கூட்டமான்னு கோயமுத்தூர்க்காரங்களே அசந்துபோய் ஒத்துக்கிட்டாங்க!"

"தம்பி... எங்களுக்கு வாணாம்னுதான வூட்டுக்காரு சொன்னாரு?"

"வேணாமா? ஜகா வாங்கிட்டோம்னுல்ல சொன்னார்! எங்க வீட்டு உருதுல ஜகான்னா இடம்தானே அக்கா?"