பிஜூ பத்தியம் இருந்த கதை

படித்தவர்கள் முன்னால் நிற்கும்போது நானும் படித்தவன்தான் என்று காட்டிக்கொள்ளாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இந்த வியாதியால் பட்ட அவமானங்களையெல்லாம் இதுவரை நானேதான் சுமந்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை மட்டும் எங்கள் வீட்டுப் பூனையைப் பலி கொடுக்கப் பார்த்தேன்.

பூனையின் பெயர் பிஜூ. பிரெஞ்சில் நகை என்று அர்த்தமாம். பெயர் வைத்தவர் என் மாமனார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்த பிறகு மூலக்குளத்தில் எங்களோடு வந்து இருக்கிறார். வரும்போது இரண்டு பெட்டியும் இந்தப் பூனையும் கூட வந்தன. (கல்யாணத்தில் விட்டுப்போன சீர் இப்போதுதான் வருகிறது என்று நான் சொன்னதை என் மனைவி செலின் ரசிக்கவில்லை.)

பிஜூவுக்குப் பதினான்கு வயது. போன மழைக்காலத்தில் வாந்தி எடுக்க ஆரம்பித்தது. முதல் வாந்தி என் ஆபீஸ் ஷூவுக்குள். பிறகு வயிற்றுப்போக்கு. முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது. மாமனார் தினமும் சாயங்காலம் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவார், பிறகு இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஏறுவார், மனசுக்குள் கழித்துப் பார்ப்பார். நாலரை கிலோ மூன்றுக்கு வந்தபோது அவர் யாருடனும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

டாக்டரிடம் போனோம். இளம் வயதுப் பெண். சுவரில் வெளிநாட்டுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது. பூனை என்ன சாப்பிடும் என்று அவர் கேட்டதும், ஒரு வெளிநாட்டுப் பாக்கெட் தீனியின் பெயரை ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். அது மட்டும்தானா என்றார். அது மட்டும்தான் என்றேன். (அந்தப் பாக்கெட் வீட்டில் இருந்தது உண்மை. பிஜூ அதை ஒருமுறை முகர்ந்து பார்த்ததும் உண்மை.)

செலின் வாயைத் திறந்தாள். "டாக்டர், காலைல மீன்கார அம்மா வந்து..."

நான் அவள் காலை மிதித்தேன்.

மீன்கார அம்மா என்றால் வீராம்பட்டினத்து அஞ்சலை. தினமும் ஏழே கால் மணிக்கு எங்கள் கேட்டில் கூடையை இறக்குவாள். யாருக்கும் விற்பதற்கு முன்னால் ஒரு மீனை எடுத்து பிஜூவுக்குப் போடுவாள். அதுதான் அவளுக்குப் போணி. பூனை வாய் வைத்தால் மத்தியானத்துக்குள் கூடை காலி என்பது அவள் கணக்கு. ஒரே ஒருநாள் பிஜூ வரவில்லை, அன்றைக்குப் பாதிக் கூடை ஐஸோடு வீடு திரும்பியது என்று இன்றும் சொல்வாள். தெருவில் மீன் வாங்கித் தின்னும் பூனையின் சொந்தக்காரன் என்று அந்தச் சான்றிதழுக்கு முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ரத்தப் பரிசோதனையில் கிட்னி, தைராய்டு இரண்டும் சரியாக இருந்தன. வயிற்று முடியைச் சிரைத்து ஸ்கேன் எடுத்தார்கள். குடல் சுவர் தடித்திருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த வயதில் இரண்டில் ஒன்றாக இருக்கலாம்: சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் குடல் வீங்கியிருக்கலாம், இல்லையென்றால் புற்றுநோய். ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலில் எட்டு வாரம் அவர் தரும் தீனியை மட்டும் கொடுக்க வேண்டும், வேறு எதையும் நக்கக்கூட விடக்கூடாது. குணமானால் சாப்பாடுதான் காரணம். ஆகாவிட்டால் மயக்க ஊசி போட்டு வயிற்றைத் திறந்து, குடலில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வயதில் மயக்கம் தெளியாமலே போகலாம்.

நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர். விடுவேனா? ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஒட்டினேன். நேரம், எத்தனை கிராம், வாந்தி, மலம், 'வேறு உணவு ஏதும் கொடுக்கப்பட்டதா', கையெழுத்து. வீட்டில் எல்லோரையும் நிற்கவைத்துப் பத்து நிமிஷம் பேசினேன். மாமனார் ராணுவக்காரர் ஆயிற்றே, நிமிர்ந்து நின்று கேட்டார். அஞ்சலையிடம் செலின் தனியாகச் சொன்னாள். அவளும் பலமாகத் தலையாட்டினாள்.

எங்கள் கம்பெனியில் சார்ட் எப்படி நிரப்புவார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதுக்கும் 'சரி' போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். அதைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பிடித்தால் அரைமணி நேரம் உபதேசமும் உண்டு. அப்படிப்பட்ட நான் இரண்டாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த கையோடு வாரம் முழுவதுக்கும் 'இல்லை, இல்லை' என்று எழுதி முடித்தேன். (இயற்கையாக இருக்கட்டும் என்று இரண்டு பேனா.) கையெழுத்துப் போடச் செலின் மறுத்துவிட்டாள். காலை ஆறே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுகிறவள், பார்க்காத விஷயத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றாள். அவளுக்கும் சேர்த்து நானே போட்டேன்.

எட்டு வாரம் முடிந்தது. வாந்தி நிற்கவில்லை. அப்பாவிடமும் அஞ்சலையிடமும் இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போங்கள் என்றாள் செலின். அதுதான் சார்ட்டில் இருக்கிறதே என்றேன்.

டாக்டர் சார்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இவ்ளோ நீட்டா யாரும் மெயின்டெயின் பண்ணி நான் பாத்ததில்ல சார்."

எனக்குப் பரிசு வாங்கிய மாதிரி இருந்தது. அடுத்த வாக்கியத்தில் அவர், அப்படியென்றால் சாப்பாடு காரணமில்லை, வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, வருகிற புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

மறுநாள் மாமனார் என்னிடம் வந்தார். "மாப்ள, மயக்கம் தெளிஞ்சி எழுந்துருமா?"

எழுந்துவிடும் என்று சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? அவர் பிஜூவைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பிப் போனதைப் பார்த்தபோதுதான், அத்தை இருந்த வீட்டிலிருந்து அவரிடம் மிஞ்சியிருக்கும் உயிர் அது ஒன்றுதான் என்பது எனக்கு உறைத்தது. பயமாக இருந்தது.

புதன்கிழமை செலின் லீவு போட்டாள். மாமனார் ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய தின அணிவகுப்புக்கு மட்டும் எடுக்கும் கோட்டை மாட்டிக்கொண்டார். முதல் நாள் இரவிலிருந்து பிஜூவுக்குப் பட்டினி. கூண்டைக் கேட்டருகே வைத்துக் காரை வெளியே எடுத்தேன். அப்போதுதான் சார்ட்டை மறந்தது ஞாபகம் வர, உள்ளே ஓடினேன். எடுத்துக்கொண்டு வந்தபோது கூண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அஞ்சலை அடுத்த வீட்டில் நின்றிருந்தாள்.

மேஜையில் ஏற்றி, டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார். பிஜூ ஒருமுறை குலுங்கியது. இருமுறை குலுங்கியது. பிறகு வந்ததை டாக்டர் இடுக்கியால் தூக்கிப் பிடித்தார். ஒரு முழு நெத்திலி. கண் திறந்து என்னையே பார்த்தது. பக்கத்தில் வெள்ளையாக ஏதோ ஒரு துண்டு.

ராத்திரியிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை என்றீர்களே என்று கேட்டார். கொடுக்கவில்லை என்றேன். அதோடு நிறுத்தினேனா? "சார்ட்டப் பாருங்க டாக்டர்" என்று எடுத்து நீட்டினேன்.

பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"சார், இன்னைக்குப் புதன்கிழமை. இதுல வர்ற சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும் சாப்ட்டு, மோஷனும் நல்லா போயிருக்கு."

உதவிக்கு நின்றிருந்த நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. செலின் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மாமனார் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். "அந்த வெள்ளத் துண்டு என்னோடதும்மா. ஃப்ரொமாழ்." பாரீஸிலிருந்து மகன் அனுப்பும் சீஸ். தினமும் காலையில் ரொட்டியோடு சாப்பிடும்போது பிஜூவுக்கும் ஒரு துண்டு, இன்றைக்கு வழியனுப்புவதற்காகக் காரில் ஒரு துண்டு. அது சாப்பாட்டில் சேர்த்தி என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம்.

செலின் அஞ்சலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "கூண்டுல போட்டு எங்கியோ எடுத்துக்கினு போறாங்களேன்னு மனசு கேக்கலம்மா. ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தேன். தெனமும் ஒண்ணுதானே குடுக்கறேன், போணிக்கு?"

டாக்டர் என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

எனக்குக் காபியில் ஆடை ஆகாது. காலையும் மாலையும் அதை விரலில் எடுத்துக் கீழே நீட்டுவேன். பிஜூ நக்கிவிடும். சார்ட்டில் 'இல்லை' என்று வாரம் முழுவதுக்கும் எழுதிய ஞாயிற்றுக்கிழமைகளிலும் நீட்டியிருக்கிறேன், இடது கையால். சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. வயிற்றில் மீனோடு மயக்க ஊசி போட்டிருந்தால், வாந்தி நுரையீரலுக்குள் போய் இந்நேரம் பூனை செத்திருக்கும் என்றார். இவ்வளவு அழகான சார்ட் இல்லாமல் இருந்திருந்தால், இரண்டு கேள்வி கூடக் கேட்டிருப்பேன் என்றும் சொன்னார். என் மாமனார் பிஜூவைக் கோட்டுக்குள் பொதிந்துகொண்டு வெளியே போனார். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

பத்தியம் முதலிலிருந்து தொடங்கியது. பொறுப்பு செலினிடம் போனது, சார்ட் குப்பைக்குப் போனது. மாமனார் கதவைச் சாத்திக்கொண்டு சீஸ் சாப்பிட்டார். நான் கடுங்காபிக்கு மாறினேன். அஞ்சலையின் கையில் செலின் டாக்டர் தீனியில் ஒரு பிடியைக் கொடுத்தாள். அஞ்சலை போணிக்கு அதில் ஒன்றைப் போட்டாள். பிஜூ வேறு வழியில்லாமல் தின்றது. கூடையும் காலியானது. மூன்றாவது வாரம் வாந்தி நின்றது. எட்டாவது வாரம் மாமனார் எடை மெஷினில் இருந்து இறங்கி, "நாலு" என்று சத்தமாகச் சொன்னார். புற்றுநோய் இல்லை, எங்கள் பாசம்தான் நோய்.

அடுத்த முறை போனபோது பிஜூவின் ஃபைல் மேஜையில் திறந்து கிடந்தது. முதல் பக்கத்தின் உச்சியில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது: 'விவரங்களை மனைவியிடம் கேட்கவும்.' மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார்.

போன மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒருவர் வந்தார். கேட்டில் நின்ற என்னிடம் என் பெயர் என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மாமனார் குரல் வந்தது.

"இருப்பா, எம் பொண்ணு வரட்டும்."

வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.