ஞானராஜ் குளத்துக்கு வந்த அரசாங்கப் பாசி

மீனுக்குத் தீனி போட ஜனங்களுக்குத் தெரியுமா என்ற கவலை 1958-ஆம் வருஷம் மேலிடத்துக்குத் திடீரென்று வந்தது. தெரியாது என்று ஏகமனதாக முடிவு செய்து, நுண்பாசி அபிவிருத்தி அலுவலகம் ஒன்றைத் திறந்தார்கள். ஆபீஸ் இருந்தால் ஜீப் இருக்கும். ஜீப் இருந்தால் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அது நேராக ஆவூர்ப் பக்கம் ஞானராஜின் குளத்துக்கு வந்து நின்றது.

பாவம் அந்த மனுஷன்! ஈஸ்டர் பாஸ்கா முடிந்த மறுவாரம் அவர் மகள் அமலராணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கட்டுமாவடி. சம்பந்தி செபத்தியான் கடலில் வலை வீசுகிறவர். "குளத்து மீனெல்லாம் ஒரு மீனாங்க?" என்று நிச்சயதார்த்தத்தில் சபை நடுவே சிரித்துவிட்டார். ஞானராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கல்யாணப் பந்தியில எங் குளத்துக் கெண்டையத் தவிர வேற மீன் விழுந்தா என் மீசைய எடுத்துடுறேங்க!" என்றார். அன்று முதல் சாணியைக் கரைத்துக் கரைத்துக் குளத்தில் ஊற்றினார். தண்ணீர் பச்சைப்பசேல் என்றானது. கெண்டைகள் கொழுகொழுவென்று புரண்டன.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி ஆண்டியப்பன், பி.எஸ்ஸி., அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிதான் இனிமே மீனுக்குத் தீனி. ஒங்க குளம்தான் முன்மாதிரிக் குளம்."

"தண்ணி பச்சையா இருக்கே சார், இதுவும் பாசிதானுங்களே? நம்ம மீனு இதைத்தான் தின்னுது."

"இது அனுமதி பெறாத பாசி. இதோட அரசாங்கப் பாசி கலந்தா, மீன் எதைத் தின்னு கொழுத்துச்சுன்னு ரிப்போர்ட்ல எப்படிய்யா எழுதுறது?"

நியாயம்தானே! ஆகவே பாசியைக் கொல்லும் மயில்துத்தம் இரண்டு மூட்டை குளத்தில் கரைக்கப்பட்டது. நாலாம் நாள் பச்சை செத்து, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. 'பாசியற்ற குளம்' என்று மூன்று முத்திரையோடு சான்றிதழும் வந்தது.

"வெளஞ்ச பயிர அழிச்சுட்டு வெதநெல்லுக்கு மனுப் போட்ட ஆளு ஊருலயே நீங்க ஒருத்தருதான்" என்றாள் பெண்டாட்டி அருளம்மாள்.

"சும்மா இருடி. கவர்மெண்டு காரணமில்லாமச் செய்யாது."

அரசாங்கப் பாசி வரவில்லை. தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டிருந்தது: பாசியே இல்லாத குளத்தைப் பாசித் திட்டத்தில் எப்படிச் சேர்த்தீர்கள்? ஞானராஜ் பதினோரு தடவை ஆபீசுக்கு நடந்தார். அதற்குள் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றும் வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் வலை போட்டால், தலையும் முள்ளுமாக நாலு கெண்டை வந்தன. மனுஷன் கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

விடிந்ததும் செபத்தியான் லாரியில் வந்து இறங்கினார். கூடவே இரண்டு கூடை சீலா, முள் குறைந்த கடல் மீன். விஷயம் அவர் காதுக்கு முன்பே எட்டியிருந்தது.

"மீசைய அப்புறம் எடுத்துக்கலாம் சம்பந்தி. மொதல்ல பந்தி நடக்கட்டும்."

தாலி கட்டி முடிந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. ஆண்டியப்பன் அரக்கு வைத்த பாட்டிலை உடைத்துக் குளத்தில் ஊற்றினார்.

"ஒண்ணும் தெரியலையே சார்?"

"தெரிஞ்சா அது நுண்பாசியே இல்லய்யா!"

பன்னிரண்டு மணிப் பந்தியில் அவரும் உட்கார்ந்தார். சீலாத் துண்டு ஒன்று இலையில் விழுந்தது. வாயில் போட்டவர் துள்ளிவிட்டார்.

"ஆகா! பத்து மணிக்கு ஊத்துனேன், பன்னெண்டு மணிக்குப் பலன்! கெண்டையில முள்ளக்கூடக் கொறச்சிருச்சு பாருங்க!"

ஜீப்பில் கூட வந்த போட்டோக்காரர் ஓடி வந்தார். 'முன்மாதிரி மீன் வளர்ப்பவர்' என்று ஞானராஜ் கழுத்தில் மாலை விழுந்தது. உண்மையைச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். கை தானாக மீசைக்குப் போயிற்று.

"ஆமாங்க சார். எல்லாம் நம்ம குளத்துக் கெண்டைதான். அரசாங்கப் பாசியோட மகிமை!"

பந்தியே செபத்தியானைப் பார்த்தது. முந்தின ராத்திரி தன் கையால் பிடித்த மீன். மனுஷன் சும்மா இருப்பாரா? எச்சில் கையோடு எழுந்தார். மாலையையும் போட்டோப் பெட்டியையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, எங்க கடலுக்கும் ஒரு பாட்டில் கெடைக்குங்களா?"

"தாராளமா! ஆனா கடல்ல அனுமதி பெறாத பாசி ஏகத்துக்குக் கெடக்கே. மொதல்ல அதைச் சுத்தம் பண்ணணும்."

"அந்தக் கவலை ஒங்களுக்கு வேண்டாம் சம்பந்தி" என்றார் ஞானராஜ், மாலையைச் சரிசெய்துகொண்டு. "துத்தத்தை நான் கொண்டாரேன்."