மாற்றம் சாரும் பொதுமக்களும்

கலையைக் கையில் எடுத்தால் சமூகம் தானாகத் திருந்திவிடும் என்று நம்பும் ஒரு பிரிவு மனித இனத்தில் உண்டு. தோளில் துணிப்பை, வாயில் ‘உரையாடல்’ என்ற சொல். சுவரைக் கண்டால் வண்ணம் பூசுவார். நான்கு பேரைக் கண்டால் வட்டமாக உட்காரவைப்பார். அந்த நால்வரும் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் என்றாலும் விடமாட்டார். எங்கள் தெருவில் வசிப்பவருக்கு ‘மாற்றம் சார்’ என்று பெயர். சில்லறை மாற்றுபவர் என்று நினைத்துவிடாதீர்கள். சமூகத்தை மாற்றுபவர்.

போன ஆண்டு ‘வீட்டு வேலை யார் வேலை?’ என்று ஒரு வீதி நாடகம் போட்டார். ஒத்திகை முழுக்க அவர் வீட்டுக் கூடத்தில்தான். குழுவினர் வட்டமாக உட்கார்ந்து பெண்களின் உழைப்பை நினைத்துக் கண்கலங்குவார்கள். வங்கியில் வேலை முடிந்து வந்த அவர் மனைவி அத்தனை கால்களையும் தாண்டித் தாண்டி டீ கொடுப்பார். கண்கலங்கியவர்கள் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்பார்கள்.

நூலக வாசலில் அரங்கேற்றம். அதில் ஒரு புதுமை: பார்ப்பவர் யார் வேண்டுமானாலும் கைதட்டி, ‘நிறுத்து’ என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, ஒரு பாத்திரத்தை ஏற்று, கதையை மாற்றலாம். மாற்றம் சாருக்குக் கணவர் வேடம். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அதட்டினார், உருட்டினார். பிரமாதமான நடிப்பு. கை மட்டும் ஒருவரும் தட்டவில்லை.

“கூச்சப்படாதீங்க! வாங்க, வந்து மாத்துங்க!” என்று கெஞ்சினார்.

பின்வரிசையில் ஒரு கைதட்டல். “நிறுத்து.”

டீ பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு அவர் மனைவி நின்றிருந்தார்.

“நீ இல்லம்மா,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “பொதுமக்கள்!”

“அப்போ நான் யாராம்? தள்ளுங்க.”

கூட்டம் விசிலடித்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி வேடத்திலிருந்த கல்லூரிப் பெண் கரண்டியை மாற்றம் சார் கையில் திணித்துவிட்டு நழுவினாள்.

“டீ என்னாச்சு? முக்கியமான விஷயம் யோசிச்சிட்டிருக்கேன்ல?” அச்சு அசல் அவர் குரல். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

“இதோங்க,” என்று குழைந்தார் மாற்றம் சார். நடிக்க அவருக்குச் சொல்லியா தர வேண்டும்?

“பாப்பாவுக்கு ஜுரமாச்சே, மருந்து குடுத்தியா?”

“குடுத்தேங்க.”

“எந்த மருந்து?”

“அந்த… சிவப்பு மருந்துங்க.”

மனைவி எழுந்துவிட்டார். இப்போது அது அவருடைய சொந்தக் குரல். “சிவப்பு மருந்து அவளுக்கு ஒத்துக்காது. போன வாரம் ஒத்திகை நடக்கிறப்ப உடம்பெல்லாம் தடிச்சுப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். ‘சத்தமா இருக்கு, கதவைச் சாத்திட்டுப் போ’ன்னீங்க.”

சிரிப்பு நின்றது. மாற்றம் சார் கையிலிருந்த கரண்டி தாழ்ந்தது. முகம் வெளுத்து, கண் நிறைந்து, அவருக்குள்ளிருந்து ஒரு சாதாரண மனிதர் எட்டிப் பார்த்தார். “எனக்கு… தெரியாதேம்மா,” என்றார் மெதுவாக. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றம் சார் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த வீடாவது மாறியிருக்கும்.

அதற்குள் யாரோ படம் எடுக்கச் செல்போனைத் தூக்கிவிட்டார்கள்.

“பாத்தீங்களா நண்பர்களே!” கரண்டி உயர்ந்தது. “இதுதான் கலையோட சக்தி!”

கைதட்டல் தெருவை அதிரவைத்தது. மனைவி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது அந்தக் காட்சிதான் நாடகத்தின் உச்சம். ஊர் ஊராகப் போகிறது. மனைவி பேசிய வசனத்தைக் கல்லூரிப் பெண் பேசுகிறாள். “இன்னும் அடிவயித்துலேருந்து வரணும்மா, அது ஒரு தாயோட வலி,” என்று மாற்றம் சார் சொல்லிக்கொடுக்கிறார். பார்ப்பவர்கள் தேம்பி அழுகிறார்கள். மனைவி மட்டும் இதுவரை பார்க்கவில்லை. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ‘கேளேன், அந்த ஆளை எப்படிப் பிச்சு உதறியிருக்காங்க பாரு’ என்று இதை வாசித்துக் காட்ட, அடுப்படியில் இருப்பவரைக் கூப்பிடலாம் போலவும் இருக்குமே?

கூப்பிடாதீர்கள். அவர் வேலையாக இருக்கிறார்.