எழுத்தாளருக்கே அர்த்தம் சொன்னவர்

நெய்வேலியில் நிலக்கரிக்கு அடுத்தபடியாக ஆழத் தோண்டப்பட்டது ஒரு நாவல்தான். தோண்டியவர் பேச்சிலர் ஹாஸ்டலில் என் அறைவாசி. மைன்ஸில் இன்ஜினீயர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘உள்ளர்த்தம்’.

ஆற்றில் நீந்துகிற ஒருவனின் மனசுக்குள்ளேயே நடக்கிற நாவல் அது. முற்றுப்புள்ளியே அபூர்வம். டவுன்ஷிப்பில் அதை முடித்த ஒரே மனிதர் இவர்தான்; முடித்த கையோடு மறுபடி ஆரம்பித்துவிடுவார். ஷிப்ட் பஸ் டிரைவர் ஹாரன் அடித்து அலுத்துப்போய், “சார், ஏறப் போறீங்களா, படிச்சிகினே நிக்கப் போறீங்களா?” என்பார்.

மெஸ் போர்டில் ‘இன்று ரசம் இல்லை’ என்று எழுதியிருந்தாலும் விடமாட்டார். “இந்த மெஸ்ஸைப் பத்தி இவ்வளவு நேர்மையான விமர்சனம் வந்ததே இல்லைய்யா!”

ஒருமுறை அந்த நாவலாசிரியரையே எங்கள் வாசகர் மன்றம் அழைத்து வந்தது. கேள்வி நேரத்தில் உள்ளர்த்தம் எழுந்தார்.

“‘கை ஓய்ந்தது, கரி வந்தது’ன்னு முடிச்சிருக்கீங்க. கரின்னா யானை. தண்ணியில யானைன்னா, முதலை வாயில மாட்டின புராண யானை. கரின்னா சாட்சின்னும் அர்த்தம் உண்டு. கை ஓய்ஞ்சவன் முங்கிட்டான்; அவன் சாவுக்கு யானையே சாட்சி! ஒரே சொல்லுல எவ்வளவு வச்சிருக்கீங்க!”

எழுத்தாளர் நெளிந்தார். “அது அச்சுப்பிழைங்க. ‘கரை வந்தது’ன்னுதான் எழுதினேன். அவன் பொழச்சிட்டான்.”

கூடமே சிரித்தது. மன்றச் செயலாளர்தான் மைன்ஸில் உள்ளர்த்தத்துக்கு மேலதிகாரி. “போதும், உக்காருய்யா!” என்றார்.

உள்ளர்த்தம் உட்காரவில்லை.

“சிரிக்கிறவங்க சிரிங்க. நடுவுல கோயில் யானை வருது, முதலை வருது, கோர்ட்டுல சாட்சி வருது. அதெல்லாமும் அச்சுப்பிழையா?” எழுத்தாளர் பக்கம் திரும்பினார். “நீங்க கரைன்னு எழுதியிருக்கலாம். நாவல் கரின்னுதான் கேக்குது. உங்களைவிட அச்சுக்கோத்தவர் நல்லாப் படிச்சிருக்கார் சார்!”

“உக்காருன்னு சொன்னேன்!”

“பதில் வரட்டும், உக்கார்றேன்.”

எழுத்தாளர் தன் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், “அந்த முதலை எந்தப் பக்கத்துலங்க?” என்று கேட்டார்.

கூட்டம் கலைந்தபின் மந்தாரக்குப்பம் டீக்கடையில் இருவரும் ஒரே புத்தகத்தின்மேல் குனிந்திருந்தார்கள். பஸ் வந்ததும் எழுத்தாளர் எழுந்தார். “அவனைக் கொல்ல எனக்கு மனசு வரலீங்க.”

“அது உங்க இஷ்டம் சார். நான் கொன்னாச்சு.”

அந்த வருஷம் உள்ளர்த்தத்துக்கு ப்ரொமோஷன் வரவில்லை. “இதுல மட்டும் உள்ளர்த்தமே இல்லைய்யா” என்று சிரித்தார்.

ஹாஸ்டலை விட்டு வந்து பல வருஷமாகியும் அந்த நாவலை நான் இன்னும் முடிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்து அவர் குறுக்கே பேசாமல் அதைப் படிக்க மனம் வரவில்லை.