வாட்டம் சரியில்லாத பைப்

மனைவி கண்ணகை குவைத்துக்குப் போனதிலிருந்து நல்லரத்தினத்துக்குக் கிழமையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் மனுசி போன் எடுத்துக் கதைப்பாள். மற்ற ஆறு நாளும் கதிரவெளியில் சும்மா விடிந்து சும்மா பொழுதுபட்டன.

கடலோரம் இருந்த வீட்டைச் சுனாமி கொண்டு போனது. பிறகு சண்டை வந்து இரண்டு பேரையும் முகாம் முகாமாகக் கொண்டு போனது. சண்டை முடிந்த அடுத்த வருஷம், நிவாரணத்தில் கிடைத்த நாலு சுவரை வீடாக்கியே தீருவதென்று கண்ணகை வீட்டு வேலைக்கு விமானம் ஏறினாள். பிள்ளை குட்டி இல்லை. சமைத்தால் ஒரு கோப்பை கழுவினால் போதும். அந்தக் கோப்பையோடும் நல்லரத்தினம் சில நேரம் கதைத்துப் பார்த்தார். அது மறுமொழி சொல்லவில்லை.

குசினிக்கும் குளியலறைக்கும் பைப் புதைக்க ஓட்டமாவடியிலிருந்து மேசன் முத்தலிப் வந்தது ஒரு திங்கட்கிழமை. "அண்ணே, கழிவுக்குழிக்கு எந்தப் பக்கத்தால கொண்டு போற?" என்று கேட்டார். நல்லரத்தினம் குவைத்துக்கு ஒரு ரிங் அடித்துவிட்டுக் கட் பண்ணினார். உடனே அங்கிருந்து போன் அடித்தது.

"என்ன சொல்றீங்க? கிணத்துப் பக்கத்தாலயா? குடிக்கிற தண்ணிக்குப் பக்கத்தில ஊத்தைத் தண்ணியா? தெற்கால திருப்புங்க!"

இருபது நிமிஷம் ஏச்சு. போனை வைத்தபோது நல்லரத்தினத்தின் முகத்தில் கலியாணக் களை. திங்கட்கிழமையிலும் மனுசி கதைப்பாள்!

செவ்வாய்க்கிழமை, தெற்கில் முருங்கை வேர் வந்துவிட்டது. புதன்கிழமை, மேற்கில் வேலிக்காரன் முறைத்தான். வியாழக்கிழமை, வடக்கு ராசியில்லை. உண்மையில் வேரும் இல்லை, முறைப்பும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை. ஆனால் போன் தினமும் அடித்தது.

"இண்டைக்கு என்ன வில்லங்கம்?"

"பைப்புக்கு வாட்டம் காணாதுகா. சரிவில்லாமத் தண்ணி ஓடாது."

"பைப்புக்கு வாட்டம் காணாதா? உங்கட குரல்ல தேவைக்கு மேல கிடக்கு. அதில கொஞ்சம் எடுத்துக் குடுங்க! சரி, போனை மேசன்ட குடுங்க."

முத்தலிப் போனோடு முருங்கைக்குப் பின்னால் போய்க் கதைத்துவிட்டு வந்தார். "மனுசி என்ன சொன்னா?" என்று நல்லரத்தினம் கேட்டதற்கு, "வெட்டச் சொன்னா" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "மணலாப் போச்சு அண்ணே. கல்லு நிலமெண்டா நான் எப்பவோ ஓடியிருப்பன்."

இரண்டு கிழமையில் வளவு முழுக்க எலி ஓடின வயல் மாதிரி ஆனது. நல்லரத்தினம் வெட்டின ஒவ்வொரு கிடங்கையும் தாண்டித் தாண்டிச் சந்தோசமாக நடந்தார்.

பிறகு ஒரு நாள் கண்ணகை சொன்னாள்: "மண்டூர்க் கோயில்ல தீர்த்தத் திருவிழா வருது. எனக்கொரு நேர்த்தி கிடக்கு. போய் நிறைவேத்திட்டு வாங்க. ரெண்டு நாள் நிண்டு கும்பிடுங்க."

போனார், கும்பிட்டார், வந்தார். வளவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கிடங்கு இல்லை. மணல் சமமாகக் கிடந்தது. குசினியில் தண்ணீரை ஊற்றினார். அது எந்த வில்லங்கமும் இல்லாமல் ஓடியே போனது. அவர் நிலத்திலேயே குந்திவிட்டார்.

போன் அடித்தது.

"முதல் கிழமையிலேயே முத்தலிப் தம்பி எல்லாம் சொல்லிட்டார். முருங்கை வேராம்! நீங்க கோயிலுக்குப் போன நேரம் நான்தான் மூடச் சொன்னன். மாரி மழைக்கு முதல் மூடாட்டி வளவே குளமாகியிருக்கும்."

"எல்லாம் தெரியுமா? பிறகேன் ஒவ்வொரு நாளும் எடுத்தாய்?"

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு அரபுக் குழந்தை அழுதது.

"இஞ்ச எனக்கு மட்டும் ஆரு இருக்கா?" என்றாள் கண்ணகை.

நல்லரத்தினம் எழும்பி நின்றார். "அப்ப நாளைக்கும் எடுப்பியா?"

"எடுக்கிறன். சுவருக்கு என்ன நிறம் பூசுறதெண்டு யோசிச்சு வையுங்க. உங்கட விருப்பம்தான்."

உங்கட விருப்பம்! கலியாணம் கட்டிப் பதினெட்டு வருஷத்தில் கேட்காத சொல். பொழுதுபடும்வரை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து யோசித்தார். கடைசியில் வாவி நிறம், வெளிர் நீலம், என்று முடிவெடுத்தார். மூன்று நாளாவது இழுத்துக் கதைக்கலாம்.

விடிய முத்தலிப் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து நாலு வாளி பச்சைப் பெயின்றை இறக்கினார்.

"அக்கா போன கிழமையே சொல்லிட்டா அண்ணே."